சாவி யார் கையில்? அமெரிக்காவில் வீடு காட்டும் முறையின் வரலாறு

அமெரிக்காவில் விற்பனைக்கு வந்திருக்கும் வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுக்காரரைச் சந்திப்பதில்லை. குறித்த நேரத்துக்கு ஏஜென்ட் வந்து காத்திருப்பார். உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்தாலும் அழைப்பு மணியை அடிப்பார்; கதவைத் திறந்ததும் வந்திருப்பது யார் என்று உரக்கச் சொல்வார்; சாத்தியிருக்கும் அறைக் கதவையும் தட்டிவிட்டுத்தான் தள்ளுவார். மழை நாளானால் காலணியைக் கழற்றிவைக்கச் சொல்வார். பார்த்து முடித்ததும் விளக்குகளை அணைத்து, கதவைப் பூட்டி, சாவியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கிளம்புவார். இந்த ஒழுங்கு படிய ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. வீட்டுச் சாவி யார் கையில் இருந்தது என்பதைத் தொடர்ந்து போனால் அதன் வரலாற்றில் பாதி தெரிந்துவிடும். கதவு யாருக்குத் திறந்தது, யாருக்குத் திறக்கவில்லை என்பது மறுபாதி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நகரங்கள் மளமளவென்று வளர்ந்தபோது வீடு, மனைத் தரகுக்கு உரிமமும் தேவைப்படவில்லை, படிப்பும் தேவைப்படவில்லை. அலுவலகம்கூட இல்லாமல் தெருமுனையில் நின்றே பேரம் முடித்தவர்களைக் ‘கர்ப்ஸ்டோனர்’ என்று ஏளனமாகச் சொன்னார்கள். வீட்டுக்காரர் ஒரே வீட்டை நாலைந்து தரகர்களிடம் சொல்லிவைப்பார். ஆளைக் கொண்டுவந்து முடிப்பவருக்குக் கமிஷன். மற்றவர்களுக்கு அலைச்சல்தான் மிச்சம். சாவி வீட்டுக்காரரிடமே இருந்தது. வாங்க வந்தவரும் வீட்டுக்காரரும் தன்னைக் கழற்றிவிட்டு நேரடியாகப் பேசி முடித்துவிடுவார்களோ என்ற பயம் தரகரை விட்டு நீங்காது. தமிழ்நாட்டுத் தரகர்களுக்கும் பழக்கமான பயம்தான் இது. முகவரியைக் கடைசிவரை சொல்லாமல் கூடவே போவதும், போட்டித் தரகர் காட்டப்போகும் வீட்டைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் சொல்வதும் அந்தப் பயத்தில் வளர்ந்த பழக்கங்கள்.

இதை ஒழுங்குக்குக் கொண்டுவர உள்ளூர்த் தரகர் சங்கங்கள் தோன்றின. 1908 மே மாதம் சிகாகோவில் 19 உள்ளூர்ச் சங்கங்களும் ஒரு மாநிலச் சங்கமும் சேர்ந்து தேசிய அளவில் ஓர் அமைப்பைத் தொடங்கின. இன்று நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ரியல்ட்டர்ஸ் என்று அறியப்படுவது அதுதான். 1913இல் கனடாவின் வினிபெக் நகரில் நடந்த மாநாட்டில் அந்த அமைப்பு தொழில் நெறிமுறை ஒன்றை ஏற்றது. வாடிக்கையாளரிடம் எப்படி நடந்துகொள்வது, சக தரகரிடம் எப்படி நடந்துகொள்வது என்பவையே அதன் இரண்டு பிரிவுகள். 1916இல் மினியாபொலிஸ் நகரத் தரகர் சார்லஸ் சாட்போர்னின் யோசனைப்படி, சங்க உறுப்பினர்கள் மட்டும் ‘ரியல்ட்டர்’ என்று தங்களை அழைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. கலிஃபோர்னியா 1917இல் தரகர்களுக்கு உரிமச் சட்டம் கொண்டுவந்தது. அது செல்லாது என்று நீதிமன்றம் சொன்னதும் 1919இல் திருத்தி மறுபடி நிறைவேற்றியது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன.

கௌரவத்துக்கு ஏங்கிய இந்தத் தொழிலைச் சின்க்ளேர் லூயிஸ் 1922இல் ‘பாபிட்’ நாவலில் நன்றாகவே கிண்டல் செய்தார். அதன் நாயகன் ஒரு ரியல்ட்டர். மேடையில் தொழில் தர்மம் பேசுவான்; அலுவலகத்தில் ஒரு மளிகைக் கடைக்காரரின் நெருக்கடியைப் பயன்படுத்திப் பக்கத்து மனையின் விலையை ஏற்றிவிடுவான்.

நெறிமுறையைவிடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது தகவலைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. ஒரு வீட்டை விற்கும் பொறுப்பை உரிமையாளர் ஒரே தரகரிடம் எழுதிக் கொடுப்பார். அந்தத் தரகர் விவரங்களைச் சங்கத்தின் பொதுப் பட்டியலில் சேர்ப்பார். வேறொரு தரகர் வாங்குபவரைக் கொண்டுவந்தால் கமிஷனை இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். எம்.எல்.எஸ். என்று இன்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தப் பட்டியல் முறை இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஊர் ஊராகப் பரவியது. வீட்டுக்காரர் அதுவரை முகம் பார்த்தறியாத ஏஜென்டும், அவர் அழைத்துவரும் முன்பின் தெரியாத மனிதர்களும் படுக்கையறை வரை வந்துபோகும் நிலை இதனால்தான் ஏற்பட்டது. முன்கூட்டி நேரம் கேட்டு வரும் பழக்கத்துக்கு வேர் இங்கே இருக்கிறது.

அந்தக் காலத்தில் சாவி, வீட்டைப் பட்டியலிட்ட தரகரின் அலுவலகத்தில் தொங்கும். வேறு அலுவலகத்து ஏஜென்ட் முதலில் தொலைபேசியில் பேச வேண்டும். அந்தத் தரகர் வீட்டம்மாவைக் கூப்பிட்டு நேரம் கேட்பார். பிறகு ஏஜென்ட் போய்ச் சாவியை வாங்கி, வீட்டைக் காட்டிவிட்டுத் திருப்பித் தர வேண்டும். ஒரே மாலையில் ஊரின் நாலு மூலையில் நாலு வீடு காட்ட நினைத்தவருக்கு அலைந்தே பொழுது போய்விடும். வாங்குபவரைத் தன் காரிலேயே அழைத்துப் போவது ஏஜென்டின் கடமை என்றானதால், காரைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பதும் தொழில் மரியாதையில் சேர்ந்தது. எந்தச் சாலை வழியாகப் போனால் பேட்டை கண்ணுக்கு இதமாகத் தெரியும் என்று யோசித்து வண்டியைத் திருப்புவதும் கெட்டிக்காரத்தனமாகக் கருதப்பட்டது. புதிதாக விற்பனைக்கு வந்த வீடுகளை ஏஜென்டுகள் மட்டும் வாரத்தில் ஒரு நாள் வரிசையாகக் காரில் சென்று பார்க்கும் ‘கேரவன்’ வழக்கமும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் செவ்வாய்க்கிழமை என்றால் அதற்கான நாள்.

மரியாதை இப்படி மெருகேறிக்கொண்டிருந்த அதே காலத்தில், நெறிமுறை நூலிலேயே ஒரு களங்கம் சேர்ந்தது. 1924இல் திருத்தப்பட்ட நெறிமுறையின் 34ஆவது விதி, ஒரு பகுதியின் சொத்து மதிப்பைக் குறைக்கக்கூடிய இனத்தவரையோ நாட்டவரையோ அங்கே குடியேற்றத் துணைபோகக் கூடாது என்று ரியல்ட்டர்களுக்குக் கட்டளையிட்டது. மீறுபவர் சங்கத்திலிருந்து நீக்கப்படலாம். வெள்ளையர் பகுதியில் கறுப்பினக் குடும்பத்துக்கு வீடு காட்டுவது தொழில் தர்மத்துக்கு விரோதம் என்று எழுத்திலேயே ஆயிற்று. 1950இல் இனம், நாடு என்ற சொற்களை நீக்கினார்கள், வழக்கம் நீங்கவில்லை. உள்ளூர் ரியல்ட்டர் சங்கங்களில் பலவற்றில் கறுப்பினத் தரகர்களுக்கு இடமே கிடையாது. அவர்கள் 1947இல் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் தங்களுக்கென்று ஒரு தேசிய சங்கத்தைத் தொடங்கி, உறுப்பினர்களுக்கு ‘ரியல்டிஸ்ட்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

இந்த வழக்கம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு டெட்ராய்ட்டை ஒட்டிய கிராஸ் பாயின்ட் புறநகர்களைப் பார்க்கலாம். 1945 முதல் அங்கே வீட்டு உரிமையாளர் சங்கமும் தரகர்களும் சேர்ந்து, வீடு வாங்க வருபவருக்கு மதிப்பெண் போடும் முறையை வைத்திருந்தார்கள். தனியார் துப்பறிவாளர் ஒருவர் போய் விசாரித்து வினாத்தாளை நிரப்புவார். தோல் எவ்வளவு கறுப்பு, பேச்சில் வெளிநாட்டு வாடை இருக்கிறதா, நண்பர்கள் எப்படிப்பட்டவர்கள், வாழ்க்கை முறை அமெரிக்க முறைதானா என்றெல்லாம் கேள்விகள். தரகர்கள் மூவர் கொண்ட குழு அதைத் திருத்தும். சாதாரணமாக 50 மதிப்பெண் வாங்கினால் தேர்ச்சி. போலந்து வம்சாவளியினருக்கு 55, தென் ஐரோப்பியருக்கு 65, யூதர்களுக்கு 85 வேண்டும். கறுப்பினத்தவருக்கும் ஆசியர்களுக்கும் தேர்வே கிடையாது. அவர்கள் வரிசையிலேயே நிற்க முடியாது. தேறாத ஒருவருக்கு வீட்டை முடித்துக் கொடுத்த தரகர் கமிஷனை இழக்க வேண்டும். 1960இல் ஒரு வழக்கின்போது இது அம்பலமாகி நாடே பேசியது.

இதற்கு நேர்மாறான இன்னொரு கூட்டமும் இருந்தது. வெள்ளையர் தெருவில் ஒரே ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு வீட்டை விற்றுவிட்டு, மற்றவர்களிடம் விலை விழப்போகிறது என்று பயமுறுத்தி அடிமாட்டு விலைக்கு வாங்கி, கறுப்பினத்தவருக்கே அதிக விலைக்கு விற்றவர்கள் அவர்கள். ஒரு கூட்டம் கதவைச் சாத்திச் சம்பாதித்தது, மற்றது திறந்து சம்பாதித்தது. இரண்டுக்கும் முதல் ஒரே பயம்தான்.

நீதிமன்றங்கள் மெதுவாகவே நகர்ந்தன. குறிப்பிட்ட இனத்தவருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்தில் எழுதிவைக்கும் நிபந்தனையை நீதிமன்றம் நடைமுறைப்படுத்தாது என்று 1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தரகர் ஒரு வீட்டைக் காட்டாமலே இருந்துவிட்டால் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தால் என்ன? இந்த ஓட்டையை அடைத்தது 1968ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டம். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், ஏப்ரல் 11ஆம் நாள், ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அதில் கையெழுத்திட்டார். விற்கவோ வாடகைக்கு விடவோ மறுப்பதோடு, வீடு பார்வைக்கு இருக்கும்போது இனம், நிறம், மதம், பூர்விக நாடு காரணமாக இல்லை என்று சொல்வதையும் சட்டம் தனியே குறிப்பிட்டுத் தடை செய்தது. பின்னர் 1974இல் பாலினமும், 1988இல் உடற்குறைபாடும் குழந்தைகள் உள்ள குடும்பம் என்ற நிலையும் பட்டியலில் சேர்ந்தன.

சட்டம் வந்தபின் மறுப்பு நாகரிகமாகப் பேசக் கற்றுக்கொண்டது. ஏஜென்ட் சிரித்த முகத்தோடு வரவேற்பார், நேரம் ஒதுக்குவார், வீடுகளையும் காட்டுவார். காட்டும் வீடுகள் மட்டும் கறுப்பினத்தவருக்கு ஒரு பக்கமும் வெள்ளையருக்கு வேறு பக்கமும் இருக்கும். ஒரே ஒரு வாடிக்கையாளராக இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. எனவே ஒரே வருமானம், ஒரே தேவை சொல்லும் இருவரை, இனத்தில் மட்டும் வேறுபட்டவர்களாக, அடுத்தடுத்து ஒரே ஏஜென்டிடம் அனுப்பிப் பார்க்கும் சோதனை முறை வந்தது. சிகாகோவை அடுத்த பெல்வுட் என்ற ஊர் இத்தகைய சோதனைகளை வைத்துத் தரகர்கள்மீது வழக்குப் போட்டபோது, அப்படித் தொடுக்க ஊருக்கு உரிமை உண்டு என்று 1979இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வர்ஜீனியாவின் ரிச்மண்ட் பகுதியில் ஹேவன்ஸ் ரியல்ட்டி நிறுவனம் கறுப்பினச் சோதனையாளரிடம் வீடு காலி இல்லை என்றும் வெள்ளையரிடம் இருக்கிறது என்றும் சொன்னதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், 1982இல் அந்தச் சோதனையாளரே வழக்காடலாம் என்று தீர்ப்பாயிற்று. வீடு வாங்கும் எண்ணமே இல்லாமல் வந்தவராக இருந்தாலும் அவரிடம் பொய் சொல்லக் கூடாது என்பது அதன் பொருள்.

இதற்கிடையே சாவி இடம் மாறிவிட்டது. 1950களில் தொடங்கி, கதவுக் கைப்பிடியில் தொங்கும் சிறு இரும்புப் பெட்டிக்குள் வீட்டுச் சாவியை வைத்துவிடும் பழக்கம் பரவியது. லாக்பாக்ஸ் என்ற இந்தப் பெட்டியைச் செய்து பெயர் பெற்ற சூப்ரா நிறுவனம் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்தது. ஊர்ச் சங்கத்து ஏஜென்டுகள் எல்லாரிடமும் ஒரே மாதிரிச் சாவி இருக்கும். அது எல்லாப் பெட்டிகளையும் திறக்கும். அலைச்சல் ஒழிந்தது, அதோடு புதிய கவலையும் பிறந்தது. ஓர் ஏஜென்ட் தன் சாவியைத் தொலைத்தால் ஊரில் விற்பனைக்கு வந்த வீடெல்லாம் திறந்த வீடுதான். யார் வந்தார், எப்போது வந்தார் என்பதற்கு ஒரே சாட்சி, வந்துபோன ஏஜென்ட் சமையலறை மேடையில் வைத்துவிட்டுப் போகும் முகவரி அட்டை. வெறும் விளம்பரமாகத் தோன்றும் அந்த அட்டை உண்மையில் வருகைப் பதிவேடு. 1980களில் மின்னணுப் பெட்டிகள் வந்து, திறந்தவர் பெயரையும் நேரத்தையும் தாமே பதிவு செய்தன. பிறகு ஏஜென்டின் கைப்பேசியே சாவியானது. அட்டை வைக்கும் வழக்கம் மட்டும் பல ஊர்களில் இன்னும் போகவில்லை.

சாவி கதவிலேயே தொங்கியதால் வீட்டுக்காரர் வீட்டில் இருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. சிறிது காலத்தில், இருக்கக் கூடாது என்பதே மரியாதையாயிற்று. உரிமையாளர் எதிரில் நிற்கும்போது வாங்க வந்தவர் அலமாரியைத் திறந்து பார்க்கக் கூசுவார், குறையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஆகவே குறித்த ஒரு மணி நேரத்துக்கு வீட்டுக்காரர் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

ஆளில்லாத வீட்டுக்குள் அந்நியர் நுழையும் இந்த ஏற்பாட்டுக்குத் தனி ஒழுங்கு தேவைப்பட்டது. ரியல்ட்டர்களின் தேசிய சங்கம் ‘பாத்வேஸ் டு புரொஃபஷனலிசம்’ என்ற தலைப்பில் வைத்திருக்கும் மரியாதைக் குறிப்புகள் அதைத்தான் சொல்கின்றன: நேரத்தை எவ்வளவு முன்னதாக முடியுமோ அவ்வளவு முன்னதாகக் கேட்பது, தாமதமானாலோ வர முடியாவிட்டாலோ உடனே தெரிவிப்பது, வாங்குபவரைத் தனியே உள்ளே விடாதது, புல்தரையை மிதிக்காமல் நடைபாதையில் போவது, குடியிருப்பவர் எதிரில் வீட்டைக் குறை சொல்லாதது. இவை விரும்பினால் பின்பற்ற வேண்டியவை என்றும், இவற்றை மீறியதற்காக யார்மீதும் சங்கத்தில் புகார் தொடுக்க முடியாது என்றும் அதே ஆவணம் சொல்கிறது. 1924ஆம் ஆண்டின் விதிக்குத் தண்டனை இருந்தது, காலணியைக் கழற்றச் சொல்லும் குறிப்புக்கு இல்லை. எதை முக்கியமாகக் கருதினார்கள் என்பதை இந்த ஒப்பீடே காட்டிவிடுகிறது.

இன்னொரு விஷயம் வெகுகாலம் மறைந்தே இருந்தது. வாங்குபவரைத் தன் காரில் வைத்துக்கொண்டு வாரக் கணக்கில் சுற்றும் ஏஜென்ட், சட்டப்படி விற்பவரின் ஆள். பட்டியலிட்ட தரகருக்குத் துணைத் தரகர் என்ற கணக்கில் அவர் வந்தார். இது தெரியாமல், வாங்குபவர் காரில் உட்கார்ந்து ‘இன்னும் பத்தாயிரம் டாலர் வரை ஏறலாம்’ என்று சொன்னால், அதை விற்பவரிடம் சொல்வதுதான் ஏஜென்டின் கடமை. 1983இல் மத்திய வர்த்தக ஆணையத்தின் ஆய்வறிக்கை, வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஏஜென்ட் தங்கள் பக்கம் இருப்பதாக நம்புவதைச் சுட்டிக்காட்டியது. அதன்பின் மாநிலங்கள், தான் யாருக்காக வேலை செய்கிறேன் என்பதை ஏஜென்ட் தொடக்கத்திலேயே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் செய்தன. வாங்குபவருக்கென்றே தனி ஏஜென்ட் என்ற முறை 1990களில் வேரூன்றியது.

முன்பின் தெரியாதவரை ஆளில்லாத வீட்டில் தனியே சந்திப்பது ஏஜென்டுக்கும் ஆபத்துதான். 2014இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் வீடு காட்டப் போன பெண் ஏஜென்ட் ஒருவர் கடத்திக் கொல்லப்பட்டார். முதல் சந்திப்பை அலுவலகத்தில் வைத்துக்கொள்வது, அடையாள அட்டையைப் பார்ப்பது, வீட்டுக்குள் வாடிக்கையாளரை முன்னே விட்டுப் பின்னால் நடப்பது போன்ற பழக்கங்கள் இப்போது பயிற்சியிலேயே இடம்பெறுகின்றன. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 வசந்தத்தில், பென்சில்வேனியா, மிச்சிகன் போன்ற மாநிலங்கள் நேரில் வீடு காட்டுவதையே சில வாரங்கள் நிறுத்திவைத்தன. பின்னர் விளக்குகளைப் போட்டு, உள்கதவுகளைத் திறந்துவைத்துவிட்டு வீட்டுக்காரர் வெளியேறுவது வழக்கமாயிற்று. பார்க்க வருபவர் எதையும் தொட வேண்டாம் அல்லவா? வீடுகளில் கேமராக்கள் பெருகிவிட்டதால், வெளியே போன வீட்டுக்காரர் கைப்பேசியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று ஏஜென்டுகள் வாடிக்கையாளரை முன்கூட்டியே எச்சரிக்கிறார்கள். விலையைப் பற்றிய பேச்சைத் தெருவுக்கு வந்தபின் வைத்துக்கொள்வதே இப்போதைய நடைமுறை.

அடையாள அட்டை கேட்பது பாதுகாப்புக்காக. ஆனால் யாரிடம் மட்டும் கேட்கிறார்கள்? நியூயார்க்கின் நியூஸ்டே நாளிதழ் லாங் ஐலண்ட் பகுதியில் மூன்று ஆண்டுகள் இரகசியமாகச் சோதனையாளர்களை அனுப்பி, 93 ஏஜென்டுகளைச் சோதித்து, 2019 நவம்பரில் முடிவை வெளியிட்டது. கறுப்பினச் சோதனையாளர்கள் 49 சதவீதச் சோதனைகளிலும், ஹிஸ்பானியர் 39 சதவீதத்திலும், ஆசியர் 19 சதவீதத்திலும் வேறுபாடாக நடத்தப்பட்டார்கள். வெள்ளையரை எதுவும் கேட்காமலே அழைத்துப்போன சில ஏஜென்டுகள், மற்றவர்களிடம் முதலில் வங்கியின் கடன் ஒப்புதல் கடிதம் கேட்டிருந்தார்கள். வீடு காட்டுவதற்கு முன் அடையாள அட்டை, கடன் ஒப்புதல் போன்றவை தேவையா என்பதை ஒவ்வொரு தரகு நிறுவனமும் எல்லாருக்கும் பொதுவாக எழுதி வெளியிட வேண்டும் என்ற விதி 2022இல் நியூயார்க்கில் நடைமுறைக்கு வந்தது.

நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள் இந்த வரலாற்றின் ஒரு முனையை அன்றாடம் தொடுகின்றன. ‘அந்தத் தெருவுல நம்ம ஆளுங்க இருக்காங்களா?’ என்று கேட்டால் ஏஜென்ட் நழுவுவார். ஏஜென்டே தமிழராக இருந்தாலும் நழுவுவார். இனத்தையோ நாட்டையோ வைத்து ஒரு பகுதிக்குத் திருப்பிவிட்டதாக வழக்கு வரக்கூடும் என்பது காரணம். கிழக்குப் பார்த்த வீடு வேண்டும் என்றால் தயங்காமல் தேடிக் கொடுப்பார், ஏனென்றால் திசை வீட்டைப் பற்றியது.

கடைசி மாற்றம் மறுபடி கமிஷன் தகராறில் இருந்துதான் வந்தது. கமிஷன் விதிகள் போட்டியைக் கெடுக்கின்றன என்று விற்பனையாளர்கள் தொடுத்த வழக்கில் 2023 அக்டோபரில் மிசோரி மாநிலக் கன்சாஸ் சிட்டியில் நடுவர் குழு தேசிய சங்கத்துக்கும் சில பெரிய நிறுவனங்களுக்கும் எதிராகத் தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் சங்கம் 41 கோடியே 80 லட்சம் டாலர் தருவதாக உடன்பட்டு வழக்குகளை முடித்துக்கொண்டது. அந்த உடன்பாட்டின்படி 2024 ஆகஸ்ட் 17 முதல், எம்.எல்.எஸ். பட்டியலைப் பயன்படுத்தும் ஏஜென்ட், வாங்குபவருக்கு ஒரு வீட்டைச் சுற்றிக் காட்டுவதற்கு முன் தன் கூலி எவ்வளவு என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கியாக வேண்டும். கைப்பேசியில் நேரலையாகக் காட்டினாலும் இதே விதிதான். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று விற்பவரின் ஏஜென்ட் நடத்தும் ஓபன் ஹவுஸுக்குத் தாமாகவே போய்ப் பார்ப்பவர்களுக்கு மட்டும் கையெழுத்து தேவையில்லை.